கடைசி டிராக் துண்டு ஏறினால் பாதி வேலைதான் முடிந்தது

சென்னைக்குத் தெற்கே இள்ளலூரில் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்கா 2025 டிசம்பரில் திறந்த பிறகு, சென்னையில் ரோலர் கோஸ்டரைப் பற்றிப் பேசுகிற பேச்சே வேறாகிவிட்டது. அங்கே ஓடும் தஞ்சோரா, சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபியார் நிறுவனம் இந்தியாவுக்குச் செய்த முதல் கோஸ்டர். டிராக் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில், இன்வெர்ட்டட் என்பார்கள். இதே நிறுவனம் 1992-இல் சிகாகோ பக்கத்தில் அந்த வகையை முதன்முதலாக ஓட்டியது. நம் ஊருக்கு வர முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ருசி கண்டாயிற்று, இனி அடுத்தது எங்கே, எவ்வளவு உயரம், எப்போது என்று திருவொற்றியூரிலிருந்து வியாசர்பாடி வரைக்கும் பசங்க கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பூங்கா எந்த கோஸ்டரை அறிவித்தாலும் திறப்புத் தேதியைக் கேட்டு நச்சரிக்காதீர்கள். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சோதனை ஓட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். பூங்காக்காரர்களும் அதைத்தான் வெளியே சொல்ல வேண்டும். டிராக்கின் கடைசித் துண்டு ஏறுகிற போட்டோ வந்ததுமே "அடுத்த மாசம் ஓப்பனிங்" என்று ஷேர் ஆகிறதே, சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அந்த போட்டோ எடுத்த நாளில் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

வட சென்னையில் இதை விளக்குவது சுலபம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மணலியில் ஷட்டவுன் வேலைக்குப் போகிற ஃபிட்டர், ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் போகி வேலை பார்த்தவர், எண்ணூரில் வெல்டிங் செய்கிறவர் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிற பகுதி இது. சுமையைத் தூக்கக் கட்டும் ஸ்லிங், அதை மாட்டும் ஷேக்கிள், சங்கிலி இழுத்துத் தூக்கும் செயின் பிளாக், அளவான விசையில் போல்ட் இறுக்கும் டார்க் ரெஞ்ச் எல்லாம் இங்கே வீட்டுப் பேச்சிலேயே புழங்குகிற சொற்கள். கோஸ்டர் கட்டுவதும் அதே கைவேலைதான். அளவில் மட்டும் இன்னும் கெடுபிடி அதிகம்.

அஸ்திவாரத்திலிருந்து வருவோம். ஒவ்வொரு தூணுக்கும் தனி ஃபுட்டிங் (அடித்தளம்), மண் பரிசோதனை என்ன சொல்கிறதோ அதற்கேற்ப மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் பைல். சென்னையின் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கடற்கரைப் பக்கம் போனால் மணலும், தோண்டியதுமே தண்ணீரும். மேலிருந்து அமுக்குகிற எடையை மட்டும் கணக்குப் போட்டால் போதாது. வண்டி வளைவில் போகும்போது தூணைப் பக்கவாட்டில் தள்ளும். சில தூண்களை மேல்நோக்கிப் பிடுங்கவும் பார்க்கும். அந்த இழுப்பையெல்லாம் தாங்குவது கான்கிரீட்டுக்குள் நிற்கிற ஆங்கர் போல்ட். கான்கிரீட் ஊற்றும்போது வைப்ரேட்டர் இடித்து, போல்ட்களை இடத்தில் பிடித்திருக்கும் டெம்ப்ளேட் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், பிறகு தூணின் அடித்தட்டான பேஸ் பிளேட் உட்காராது. துளையை கேஸ் கட்டரால் பெரிதாக்கி உட்கார வைத்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால், அங்கேயே வேலையை நிறுத்தி, டிசைன் செய்தவரைக் கேட்க வேண்டும். கான்கிரீட்டின் வலுவுக்கு 28 நாள் கணக்கு. ஏழாவது நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். தரைக்கு மேலே ஒன்றும் தெரியாத இந்த மாதங்களில்தான் "வேலையே நடக்கல" என்று பதிவு வரும். கோஸ்டரின் ஆயுள் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது.

பிறகு இரும்பு வரும். முறுக்கி வளைத்த டிராக் துண்டு சாதாரணக் கன்டெய்னரில் அடங்காது; மேல் திறந்த கன்டெய்னரோ, பக்கச் சுவர் இல்லாத ஃப்ளாட் ரேக்கோ வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எண் குத்தியிருக்கும், ஏற்றும் வரிசைப்படியே யார்டில் அடுக்க வேண்டும். இறக்கும்போது ஸ்லிங் உரசிப் பெயின்ட் போன இடத்தை அன்றே மூடாவிட்டால், உப்புக்காற்று அந்தக் கீறலில்தான் முதலில் கை வைக்கும்.

தூண்களை டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவி வைத்து நேர் பார்த்து நிறுத்தி, சரியான மட்டம் வந்த பிறகே பேஸ் பிளேட்டுக்கு அடியில் சுருங்காத கிரவுட் கலவை ஊற்றுவார்கள். டிராக் துண்டுகளின் முனைத் தட்டுகள், ஃப்ளாஞ்சோடு ஃப்ளாஞ்ச், சேரும் இடத்தில் உயர் வலிமை போல்ட்கள், பெரும்பாலும் 10.9 தரம். முதலில் கையால் முடுக்கி, அலைன்மென்ட் பார்த்து, அதன்பின் டார்க் ரெஞ்ச்சால் இரண்டு மூன்று சுற்றில் இறுக்குவது. லாரி சக்கர நட்டை எதிரெதிராக முடுக்குகிற அதே முறை. ஒரு பக்கத்தை ஒரேயடியாக இறுக்கினால் மறுபக்கம் மயிரிழை வாய் திறக்கும். வண்டி போகிற ஒவ்வொரு முறையும் அந்த போல்ட் ஆடும், ஆடி ஆடிக் களைத்து ஒரு நாள் உடையும். இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து பிளேட் வரை பெயின்ட் கோடு இழுத்திருப்பார்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது என்று காலையில் நடந்து பார்க்கிறவருக்குக் கீழேயிருந்தே தெரியும். முழு இழுவிசைக்கு இறுக்கிய போல்ட்டைக் கழற்றினால் அதைத் திரும்பப் போடக்கூடாது. புதுசுதான். ஸ்டோரில் இல்லை என்றால் அன்றைக்கு அந்த ஜாயின்ட் நிற்க வேண்டியதுதான்.

கடைசித் துண்டு எப்போதும் தகராறு செய்யும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விட்ட அரை மில்லிமீட்டர் எல்லாம் கூடி அங்கே வந்து நிற்கும். செயின் பிளாக் போட்டு இழுத்து வலுக்கட்டாயமாகச் சேர்த்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த இழுப்பு இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். நல்ல குழு பின்னால் போய், சில தூண்களைத் தளர்த்தி, மறுபடி அளந்து வரும். அதற்கு ஒரு வாரம் பிடித்தால் அந்த ஒரு வாரம் நமக்காகத்தான்.

இதில் சென்னையின் வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டைத் தூக்கும்போது காற்று விநாடிக்கு 10 மீட்டரை, அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரைத் தொடும் நிலையில் பொதுவாகத் தூக்கும் வேலையை நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நடுவே புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வட சென்னை பட்டது நமக்குத் தெரியும். தூண் ஏற்றும் வேலையை அந்த மூன்று மாதத்தில் வைத்துக்கொண்டு பொங்கலுக்குத் திறப்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

டிராக் வட்டம் முடிந்த பிறகு செயின், மோட்டார், கம்ப்ரஸர், பிரேக், சென்சார், கன்ட்ரோல் பேனல், ஸ்டேஷன் கேட், வண்டி. இந்த வேலை பெரும்பாலும் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

சோதனையின் முதல் படி, வண்டியை விஞ்ச் என்கிற இழுவை எந்திரத்தில் கட்டி டிராக் முழுக்க மெதுவாக இழுத்துப் போவது. கை கால் நீட்டினால் எட்டும் தூரத்துக்கு ஒரு சட்டம் கட்டி, தூணோ மரக்கிளையோ விளக்குக் கம்பமோ அதில் படுகிறதா என்று பார்ப்பார்கள். கால் தொங்குகிற வகையில் இது இன்னும் முக்கியம். அடுத்தது காலி வண்டி. புது வீல், கெட்டியான கிரீஸ், வண்டியில் எடையும் இல்லை. ஒரு மேட்டை ஏற முடியாமல் இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் போய் நின்றுவிடலாம். உடனே "கோஸ்டர் ஃபெயில்" என்று வீடியோ போடாதீர்கள். சோதனை என்பதே இதற்குத்தான். கிரேனோ விஞ்ச்சோ வைத்து எடுத்து, வீலை மாற்றி, மறுபடி விடுவார்கள்.

வேகக் கணக்கு பள்ளிப் புத்தகத்தில் இருப்பதுதான். 32 மீட்டர் இறங்கினால், உராய்வே இல்லாவிட்டால் கீழே விநாடிக்கு 25 மீட்டர், மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர். வீல் உராய்வும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும். சித்திரை வெயிலில் மதியம் கிரீஸ் இளகி வண்டி வேகமாக ஓடும், மார்கழிக் காலையில் முதல் ஓட்டம் மந்தமாக இருக்கும். நைலான் வீல் கடினம், வேகம் கூட. பாலியூரித்தேன் மெத்தென்று போகும், ஆனால் சூட்டில் சீக்கிரம் தேயும், உரியும். நம் ஊர் வெயிலுக்கு எதை எந்த அச்சில் போடுவது என்பதைச் சோதனை ஓட்டத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். வேறு நாட்டில் ஓடியதை அப்படியே கொண்டுவந்து வைத்தால் நடக்காது.

காலி ஓட்டம் சரியானதும் சீட்டில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகள் ஏறும். ஆளுக்கு 75 கிலோ என்கிற கணக்கு. முழு எடை, பாதி எடை, ஒரு பக்கம் மட்டும் எடை என்று மாற்றி மாற்றி ஓட்டி, சீட்டில் கட்டிய கருவியால் உடம்பின் மேல் வரும் விசையை அளப்பார்கள். 4 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு, என்றால் 50 கிலோ ஆள் அந்த நொடியில் 200 கிலோவாகச் சீட்டை அழுத்துகிறார். அது எத்தனை நொடி நீடிக்கலாம் என்பதற்கு ஐரோப்பாவின் ஈஎன் 13814, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2291 தரங்களில் வரம்பு உண்டு. தண்ணீர் பொம்மை உட்கார்ந்த வீடியோவைப் பார்த்தால் அப்போது சந்தோஷப்படுங்கள். அதுதான் உண்மையான நல்ல செய்தி.

பலருக்குப் புரியாத இன்னொன்று பிளாக் முறை. ரயில்வே சிக்னல் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. டிராக்கைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி மட்டும். முன் பகுதி காலி என்று சென்சார் சொல்லாவிட்டால் பின்னால் வருவது பிரேக்கிலோ செயினிலோ நின்றுவிடும். காற்றழுத்த பிரேக்குகளைக் காற்று போனால் மூடிக்கொள்ளும்படி அமைப்பார்கள். கரன்ட் போனால் மேலே ஏறும் வண்டி பின்னால் சரியாதபடி கொக்கி பிடிக்கும். செயின் ஏற்றத்தில் கடகடவென்று கேட்பது அதுதான். ஆக, ஏற்றத்தில் வண்டி நின்றால் பெரும்பாலும் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்திருக்கிறது என்று பொருள். உப்பு படிந்த ஒரு சென்சார், இரண்டு மில்லிமீட்டர் விலகிய ஒரு பிராக்கெட், பூட்டு விழுந்ததை உணராத ஒரு சீட் போதும் எல்லாம் நிற்க. புது கோஸ்டரின் முதல் மாதங்களில் இது அடிக்கடி நடக்கும்.

நின்ற பிறகு மக்களை எப்படி இறக்குவது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2025 மே மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) பூங்கா ஒன்றில் ராட்சத ராட்டினம் உயரத்தில் நின்று, தீயணைப்புத் துறையினர் வந்து மணிக்கணக்கில் பாடுபட்டு இறக்கினார்கள். கோஸ்டரில் ஏற்றத்திலும் பிரேக் பகுதியிலும் நடைபாதைப் படி இருக்க வேண்டும். இன்வெர்ட்டட் வகையில் தொங்கும் காலுக்கு அடியில் தளம் வேண்டும். அதைவிட, திறப்புக்கு முன்பே ஊழியர்களை வைத்து இறக்கும் ஒத்திகை நடந்ததா? இதைப் பூங்காவின் பக்கத்தில் போய்க் கேளுங்கள். திறப்பு எப்போது என்று ஆயிரம் பேர் கேட்கிற இடத்தில் பத்துப் பேராவது இதைக் கேட்டால் பதில் வரும்.

அவசரப்படக் கூடாது என்பதற்கு வெளிநாட்டு உதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் சீடார் பாயின்ட் பூங்காவில் டாப் த்ரில் 2 என்ற 128 மீட்டர் கோஸ்டர் 2024 மே மாதம் திறந்தது. சில நாட்களிலேயே வண்டியில் மாற்றம் தேவை என்று நிறுத்தினார்கள். அந்த சீசனின் மீதி நாளெல்லாம் ஓடவில்லை. 2025-இல்தான் மறுபடி ஓடியது. இத்தனை கோஸ்டர் நடத்திப் பழகிய பூங்காவுக்கே அப்படி. நிறுத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தேகம் வந்ததும் நிறுத்தினார்கள், அது மரியாதைக்குரியது.

வடக்கே ஒரு பூங்கா ஏன் இல்லை என்கிற ஆதங்கம் எனக்கும் உண்டு. இள்ளலூர், முட்டுக்காடு, ஈஞ்சம்பாக்கம், பூந்தமல்லி தாண்டி என்று எல்லாமே தெற்கும் மேற்கும்தான். தை மாதம் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு வருகிற கழற்றி மாட்டும் ராட்டினங்கள்தான் நமக்குப் பக்கம். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ஒரு நிரந்தர கோஸ்டர் வந்தால் முதல் ஆளாக வரவேற்பேன். ஆனால் எண்ணூர் கழிமுகத்திலோ கொசஸ்தலை ஆற்று வெள்ளம் போகிற வழியிலோ மண் கொட்டி மேடாக்கித்தான் வர வேண்டும் என்றால், வேண்டாம். அந்த இடத்தை ஏற்கெனவே போதுமான அளவு அடைத்துவிட்டோம்.

எந்தப் புது கோஸ்டர் திறந்தாலும் முதல் வாரமே போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வரிசைக் கணக்கு ஒன்று. 28 சீட் வண்டியை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விட்டால் மணிக்கு 840 பேர் போகலாம். நான்கு நிமிடம் ஆனால் 420தான். புது ஊழியர்கள் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். நேரத்தைத் தின்பது நாம்தான்: செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா, போன் பாக்கெட்டில் இருக்கட்டுமா, துப்பட்டாவை எங்கே முடிவது. ஏறுவதற்கு முன்பே போனை லாக்கரில் வையுங்கள், கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள், ஷாலை வரிசையிலேயே அவிழ்த்துப் பையில் போடுங்கள். பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் அளந்துவிட்டுக் கிளம்புங்கள். தலைகீழாகப் போகும் கோஸ்டர்களில் 137, 140 செ.மீ. என்று கோடு போட்டிருப்பார்கள். இரண்டு செ.மீ. குறைந்தால் ஊழியரிடம் கெஞ்ச வேண்டாம், தோள் பூட்டு அந்த உடம்பைப் பிடிக்க அளவெடுத்துச் செய்ததில்லை. அடுத்த வருடம் கூட்டிப் போங்கள். அதற்குள் அந்த கோஸ்டரின் சென்சார் தகராறுகளும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.