அது மதியச் சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அவருடைய பழைய இலங்கை விமானப்படைக் கூட்டாளிகளும் கூடினபோது எடுத்து நான் முகநூலில் போட்ட படத்தையும், அதற்குக் கீழே கருத்துகளில் நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி ஏலாது.

அது மதியச் சாப்பாடு, ஐயாமாரே. 75 தாண்டிய ஒன்பது கிழவர்கள் ஐம்பது வருசத்துக்குப் பிறகு கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் ஒன்றாக இருந்து சோறு சாப்பிட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சீனி வருத்தம், வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அதற்கு "துரோகிகளின் ஒன்றுகூடல்" என்று எழுத மனம் வருகிறதா?

அப்பா விமானம் ஓட்டினவர் இல்லை, எஞ்சின் திருத்தினவர். விமானப்படைக்கு றோயல் சிலோன் என்று பெயர் இருந்த காலத்திலேயே சேர்ந்தவர். 1971இல் சேகுவேராக்காரர், அதாவது அரசுக்கு எதிராகக் கிளம்பின ஜே.வி.பி.காரர், பொலிஸ் நிலையங்களை அடித்தபோது, திருகோணமலைச் சீனன்குடாவில் சும்மா கிடந்த ஜெட் புரோவோஸ்ட் விமானங்களைத் தட்டியெழுப்பிப் பறக்கவிட்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். (1942இல் ஜப்பான்காரன் இரத்மலானையில் குண்டு போட்டதும் ஏப்ரல் 5, சேகுவேராக்காரர் எழும்பினதும் ஏப்ரல் 5. ஞாயிறு 100ஆம் நம்பர் பஸ்ஸில் போகும்போதும் அப்பா இதைச் சொன்னார். ஆயிரத்தோராவது தரம்.)

அந்த அவசரத்தில் ஒரு மூடி விழுந்து அப்பாவின் இடது சின்னவிரல் நசுங்கியது. இன்றும் நிமிராது. ஞாயிறன்று ஒருவர் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். கை குலுக்கவில்லை. நேரே அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இது இன்னும் நேராகவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் படம் எடுத்தது அந்த நிமிசத்தைத்தான். உங்களுக்கு மேசையில் இருந்த விமானப்படைத் தொப்பி மட்டும் தெரிந்திருக்கிறது.

"தமிழனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டவருக்கு: சம்பளம். வீட்டில் மூன்று குமர்ப்பிள்ளைகள். உங்கள் மகன் கனடா விமானப்படையில் சேர்ந்தால் ஆளுயரப் பனர் அடிப்பீர்கள், தெரியாதா எங்களுக்கு! "அப்போது தமிழரும் இருந்தார்களா?" என்று ஒரு சிங்கள நண்பருக்கு ஆச்சரியம். இருந்தோம் சகோதரா.

"நவாலியை மறந்தாயா?" மறக்கவில்லை. 1995 ஜூலையில் யாழ்ப்பாணத்து நவாலியில் தேவாலயத்தில் ஒதுங்கின சனத்தின் மேல் விமானப்படையின் குண்டு விழுந்த செய்தி வந்த அன்று, சீருடைப் படத்தை அப்பாவே சுவரிலிருந்து கழற்றினார். ஆணி இன்னும் இருக்கிறது. அவர் படையிலிருந்து விலகியது 1977இல். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்க அந்தப் படமா கிடைத்தது?

சரி, துரோகம் என்றே வைப்போம். யாருக்கு? 71இல் அந்த விமானங்களுக்குக் கீழே இருந்தவர்கள் சிங்களக் கிராமத்துப் பொடியன்கள். உங்களில் ஒருவராவது அதைக் கேட்டீர்களா? விரலைப் பிடித்தாரே, அவருடைய தம்பி சேகுவேராக்காரர் பக்கம் போனவன். திரும்பி வரவில்லை. அண்ணன் இங்கே எண்ணெய்க் கையோடு நின்றிருக்கிறார். மேசையில் ஒருவரும் அதைக் கதைக்கவில்லை. பருப்புக்கு உப்புக் கூடிவிட்டது என்று கதைத்தார்கள்.

அப்பாவிடம் முகநூல் இல்லை. சற்று முன் மாத்திரை போடும்போது கேட்டார்: "படம் போட்டனியே? ஆக்கள் என்ன சொன்னவை?"

"எல்லாரும் சந்தோசப்பட்டவை அப்பா" என்றேன்.

"வாசிச்சுக் காட்டன்" என்றார்.

ஃபோனில் சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.