விலை ஏறினப்பதான் கம்பெனி பங்கு விக்கும்

ஞாயித்துக்கிழமை தர்மபுரி மண்டபத்துல நடந்த பங்குச்சந்தை வகுப்பைத்தான் சொல்றேன். "கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டா வளர்ச்சிக்கு அறிகுறி, தைரியமா வாங்குங்க"ன்னு மேடையில சொன்னாங்க. எழுந்து கேள்வி கேட்ட பெரியவரை உட்கார வெச்சுட்டாங்க.

வளர்ச்சிக்கு அறிகுறி இல்லைங்க. பெரும்பாலும் விலை ஏறியிருக்கு, அதனால விக்கறாங்க.

கணக்கைப் பாருங்க. ஒரு கம்பெனிக்கு 10 கோடி பங்கு, வருஷ லாபம் 50 கோடி. அதாவது ஒரு பங்குக்கு லாபம் 5 ரூபாய். இப்ப 500 கோடி திரட்டணும். பங்கு விலை 100 ரூபாய்னா 5 கோடி புதுப் பங்கு கொடுக்கணும், பழைய பங்குதாரர் கையில கம்பெனியில மூணுல ரெண்டு பாகம்தான் மிஞ்சும். 500 ரூபாய்னா 1 கோடி போதும், 91 சதவீதம் அவங்ககிட்டயே நிக்கும். அந்த 500 கோடியை 6 சதவீத வட்டிக்கு பேங்குல சும்மா போட்டாலே வரி போக 22 கோடி சொச்சம். மொத்தம் 72 கோடியை 11 கோடி பங்குக்கு வகுத்தா ஆறரை ரூபாய். ஒரு செங்கல் எடுத்து வைக்காம 5 ரூபாய் ஆறரை ஆயிடுச்சு! அது 500 கொடுத்து உள்ள வந்தவரோட காசு. 100 ரூபாய்க்கு வித்திருந்தா இதே கணக்கு 5-க்குக் கீழ இறங்கியிருக்கும்.

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏத்தறவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். விலை ஏறினா செங்காயாவே பறிச்சு அனுப்பிடுவாரு. அது தப்பில்லை. கம்பெனி பண்றதும் தப்பில்லை. வாங்கறவருக்கு வளர்ச்சின்னு சொல்லி விக்கறதுதான் தப்பு.

"கடன் வாங்கலாமே"ன்னு கேக்கறீங்க. கடனுக்கு வட்டி, அசல் ரெண்டும் கட்டணும். பங்குக்கு ரெண்டுமே இல்லை.

"ஃபேக்டரி வந்தா நம்ம புள்ளைங்களுக்கு வேலை கிடைக்குமே." கிடைக்கும், சந்தோஷம். ஆனா வேலை வேற, பங்கு விலை வேற. நம்ம போச்சம்பள்ளியில ஃபேக்டரி வெச்சிருக்கற எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனி ஓலா, 2024 ஆகஸ்ட்ல பங்கு 76 ரூபாய்னு சந்தைக்கு வந்துச்சு, புதுப் பங்கு மட்டும் 5,500 கோடி ரூபாய்க்கு. அதே மாசம் 150-ஐத் தாண்டுச்சு. 2025 தொடக்கத்துல 76-க்கும் கீழ. ஃபேக்டரி அங்கேயேதான் நிக்குது.

வாங்கறதுக்கு முன்னாடி, பங்கு விக்கறப்ப கம்பெனி வெளியிடற விளக்க அறிக்கையில ரெண்டு இடம் பாருங்க. புதுப் பங்கு எவ்வளவு, பழைய முதலாளி தன் பங்கை விக்கறது எவ்வளவு? முதலாளி விக்கற பங்கோட காசு கம்பெனிக்கு வராது. 2024 ஹூண்டாய் வெளியீடு 27,870 கோடி, முழுக்க அந்த ரகம். அடுத்து, திரட்டற பணம் எதுக்குன்னு பாருங்க. "பொதுவான நிறுவனத் தேவை"ன்னு கால்வாசி வரைக்கும் காரணம் சொல்லாம எடுத்துக்க பங்குச்சந்தையைக் கண்காணிக்கற செபி விடுது. அந்த எண் கால்வாசியைத் தொட்டா நிதானிச்சுக்குங்க.

அந்தப் பெரியவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அவ்வளவு நல்ல பங்குன்னா அவங்க ஏன் சார் விக்கறாங்க?" அவரும் காசு கட்டித்தான் உள்ள வந்தார். பதில் சொல்லியிருக்கலாம்.