முதலில் ஒரே பெட்டி, பிரிப்பது அப்புறம்

ஐந்து பேர் டீமுக்கு முப்பது மைக்ரோசர்வீஸ், அதாவது தனித்தனியாக ஓடும் முப்பது சின்ன புரோகிராம்கள். கிளவுடுக்கு எழுதுவது என்றாலே துண்டு போடுவதுதான் என்று எப்படியோ ஆகிவிட்டது. இனி வரும் காலம் அதற்கு எதிர்த்திசையில், எல்லாம் ஒரே புரோகிராமாக ஓடும் ‘ஒரே பெட்டி’ பக்கம்தான் போகும் என்பது என் கருத்து.

2023 மார்ச்சில் அமேசான் பிரைம் வீடியோவின் பொறியாளர்களே இப்படி ஓர் அனுபவத்தை எழுதினார்கள். ஓடும் வீடியோவில் படம் உறைகிறதா, ஒலி பிசகுகிறதா என்று பார்க்கும் கருவி ஒன்றைப் பற்றியது அது. சீக்கிரம் கட்ட வேண்டும் என்று லாம்டாவும் (கூப்பிட்டால் மட்டும் ஓடும் அமேசானின் ஃபங்ஷன் சேவை) ஸ்டெப் ஃபங்ஷன்ஸும் (அந்த ஃபங்ஷன்களை வரிசையாகக் கோக்கும் சேவை) வைத்துக் கட்டினார்கள். வீடியோவின் ஒவ்வொரு நொடிக்கும் பல ஸ்டெப் மாற்றங்கள். மாற்றத்துக்கு மாற்றம் காசு. பிரித்த ஃபிரேம்களை எஸ்3 என்ற அமேசான் சேமிப்புக் கிடங்கில் போட்டு மறுபடி எடுக்க, அதற்கும் காசு. எதிர்பார்த்த சுமையில் சுமார் 5 சதவீதத்திலேயே வரம்பில் முட்டி நின்றுவிட்டது. எல்லாவற்றையும் ஒரே புராசஸுக்குள் கொண்டுவந்து, ஃபிரேம்களை மெமரியிலேயே கைமாற்றினார்கள். செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

ஆனால் ஒரே பெட்டியாக எழுதினாலும், அந்தப் பெட்டி எந்த நிமிடமும் கொல்லப்படும் என்று நினைத்து எழுத வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது.

கன்டெய்னர்களை ஓட்டி மேய்க்கும் குபர்நெட்டிஸ், ஒரு பாட்-ஐ (உங்கள் ஆப் ஓடும் கன்டெய்னர் அலகு) நிறுத்தும்போது ‘முடித்துக்கொள்’ என்ற சிக்டெர்ம் சிக்னலை அனுப்பும், மாற்றாவிட்டால் 30 நொடி பொறுக்கும், பிறகு ‘சிக்கில்’ சிக்னலால் கொன்றுவிடும். கன்டெய்னரைக் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைலில், ஆப்பைத் தொடங்கும் சிஎம்டி வரியை ஷெல் வடிவத்தில் (சாதாரணக் கட்டளை வரியாக) எழுதியிருந்தால் முதல் புராசஸ் உங்கள் ஆப் ஆக இல்லாமல் ஷெல்லாக இருக்கலாம். அது சிக்டெர்மை உள்ளே கடத்தாது. ஆப் ஒன்றும் தெரியாமல் முழு 30 நொடியும் ஓடி, நடுவில் வெட்டுப்படும். அரே வடிவத்தில் (சதுர அடைப்புக்குள் துண்டு துண்டாக) எழுதினால் இது தீரும். இன்னொரு சிக்கல்: சிக்டெர்ம் போவதும், ரிக்வெஸ்ட்களை எங்கே அனுப்புவது என்ற சர்வீஸ் பட்டியலிலிருந்து பாட்-இன் முகவரி நீங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. முகவரி நீங்கி முடிவதற்குள் புது ரிக்வெஸ்ட்கள் வந்து விழும். ஒவ்வொரு டிப்ளாய்மென்டிலும் நாலைந்து 502 பிழைகள் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் இதனால்தான். சிக்டெர்முக்கு முன் ஓடும் பிரீஸ்டாப் ஹூக்கில் 5 முதல் 10 நொடி ஸ்லீப் போட்டால் போதும். அந்த நொடிகளும் 30-க்குள்தான் கணக்கு.

அடுத்தது, ஒரே வேலை இரண்டு முறை வருவது. அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ்ஸின் சாதாரண க்யூ ஒரு செய்தியை ‘குறைந்தது ஒரு தடவை’ தருவதாகத்தான் சொல்கிறது. ஒரு ஒர்க்கர் எடுத்த செய்தியை மற்ற ஒர்க்கர்களுக்குக் காட்டாமல் மறைத்து வைக்கும் நேரம்தான் விசிபிலிட்டி டைம்அவுட்; எதுவும் மாற்றாவிட்டால் 30 நொடி. உங்கள் வேலை 40 நொடி எடுத்தால், முதல் ஒர்க்கர் முடிக்கும் முன்பே இரண்டாவது ஒர்க்கர் அதே பணப் பரிமாற்றத்தைத் தொடங்கிவிடும். லாம்டாவுடன் சேர்த்தால், இந்த நேரத்தை ஃபங்ஷன் டைம்அவுட்டின் 6 மடங்காவது வையுங்கள். அதோடு நிற்காமல், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சாவி (தனி அடையாளம்) எடுத்து, ஒரே சாவியை இரண்டாம் முறை ஏற்காத யுனிக் கட்டுப்பாடுள்ள டேபிளில், வேலை நடக்கும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் எழுதுங்கள். வெளியே இருக்கும் பேமென்ட் கேட்வேயை எந்த டிரான்ஸாக்‌ஷனாலும் திரும்ப இழுக்க முடியாது. அதற்கும் அதே சாவியை அனுப்புங்கள்.

டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பள்ளிக்கூடக் கணக்கு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மாற்றாமல் விட்டால், 100 கனெக்‌ஷன்தான் ஏற்கும். லாம்டாவின் வழக்கமான வரம்பு ஒரே நேரத்தில் 1,000 ஃபங்ஷன் ஓட்டங்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கனெக்‌ஷன் திறக்கும். நடுவில், சில கனெக்‌ஷன்களைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் பிஜிபவுன்சர் வைக்கலாம். ஆனால் டிரான்ஸாக்‌ஷன் மோடில் (ஒரு டிரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் கனெக்‌ஷனை அடுத்தவருக்குக் கொடுக்கும் முறை) அறிவிப்புக்குக் காத்திருக்கும் லிசன் கட்டளை வேலை செய்யாது, செஷனில் வைத்த செட்டிங்குகளும் நிலைக்காது.

ஏஐ எழுதித் தரும் கோடு பார்க்க அழகாக இருக்கும், டெஸ்டும் பாஸாகும். ரிவ்யூவில் முதலில் நிறுத்தம், இரட்டை வேலை, கனெக்‌ஷன் என்ற இந்த மூன்று இடத்தையும் தட்டிப் பாருங்கள்; கன்ட்ரோலர் பெயர் சரியா என்ற பஞ்சாயத்து அப்புறம்.

சரி, எப்போது பிரிப்பது? ஒரு பகுதி மற்றவற்றைவிடப் பல மடங்கு மெமரி கேட்கும்போது. ஒரு டீமின் ரிலீஸ் இன்னொரு டீமுக்காகக் காத்துக் கிடக்கும்போது. எப்போதாவது வரும் படத்தைச் சின்னதாக்க லாம்டா தாராளமாகப் போதும். 15 நிமிடத்தைத் தாண்டக்கூடிய வேலையை மட்டும் அதில் ஏற்றாதீர்கள்; வரம்பு வந்ததும் பாதியில் நிறுத்திவிடும், க்யூவிலிருந்து அதே வேலை மறுபடி முதலிலிருந்து வரும்.