அம்மா பார்த்தது அறிவு வேலை இல்லையா?

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மலேசியாவில், பாடாங் செராயில் கோயில் மண்டபத்தில் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை வழிகாட்டிக் கூட்டம் நடந்தது. அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பேச வந்தவர் நல்ல மனிதர், தன் செலவில் தூரத்திலிருந்து வந்தவர். ஆனால் திரையில் ஒரு படம் போட்டார். இடது பக்கம் 'பழைய தொழில்' என்று எழுதி ஒரு ரப்பர் மரமும் செம்பனைக் குலையும். வலது பக்கம் 'அறிவுசார் தொழில்' என்று எழுதி, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்போடு, தூசி புகாத தொழிற்சாலை அறையான கிளீன்ரூமில் நிற்கும் ஒரு பெண். "உங்கள் பாட்டி தாத்தா உடம்பை வைத்துப் பிழைத்தார்கள், நீங்கள் மூளையை வைத்துப் பிழைக்க வேண்டும்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மருமகனும் தட்டினான்.

எனக்குத் தட்ட மனம் வரவில்லை. அந்த வலது பக்கத்துப் படத்துக்குள் 21 வருடமாக நிற்கிறவன் நான். இடது பக்கத்துப் படத்துக்குள் என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டு 31 வருடம் நின்றார். ஒரு வாரமாக இது மனத்தில் கிடக்கிறது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள்.

'அறிவுசார் தொழில்' என்ற பேச்சு நம் ஊருக்குப் புதிதில்லை. 1996இல் உயர் தொழில்நுட்பத் தொழிற்பேட்டையான கூலிம் ஹைடெக் பூங்கா திறந்தபோதே தொடங்கிவிட்டது. அதே ஆண்டுதான் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான மல்டிமீடியா பெருவழித் திட்டமும் வந்தது. 2002இல் அரசாங்கம் அறிவுசார் பொருளாதாரத்துக்கென்று ஒரு பெருந்திட்டமே வெளியிட்டது. நாங்கள் படித்த காலத்தில் 'கே-எகானமி' என்று பள்ளிக் கட்டுரைகளில் எழுதாதவர்கள் குறைவு. ஆனால் எது அறிவுசார் தொழில், எது இல்லை, அதை யார் எதை வைத்துப் பிரித்தார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 1996இல் ஒரு விளக்கம் கொடுத்தது. அறிவையும் தகவலையும் உற்பத்தி செய்வது, பரப்புவது, பயன்படுத்துவது ஆகியவற்றின் மேல் நேரடியாக நிற்கும் பொருளாதாரமே அறிவுசார் பொருளாதாரம் என்றது. 'பயன்படுத்துவது' என்று சேர்த்துவிட்டால் எந்தத் தொழில்தான் வெளியே நிற்கும்? தையல்காரரும் உள்ளே வந்துவிடுவார். அதனால் புள்ளிவிவரம் எடுப்பவர்களுக்குக் கோடு கிழிக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

ஓ.இ.சி.டி. எடுத்தது ஆராய்ச்சிச் செலவை. ஒரு தொழிலில் உள்ள நிறுவனங்கள் தாங்கள் ஈட்டும் கூட்டு மதிப்பில் (விற்பனையில், வெளியே வாங்கியவற்றின் செலவு போக மிஞ்சுவதில்) எவ்வளவு பங்கை ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுகின்றன என்று கணக்குப் பார்த்து, 2016இல் எல்லாத் தொழில்களையும் ஐந்து படிகளில் அடுக்கினார்கள். விமானம், மருந்து, கணினி, மின்னணு, மென்பொருள் எல்லாம் மேல் படி. ரப்பர் பொருள் தயாரிப்பு நடுப் படி. உணவுப் பொருள் தயாரிப்பு அதற்கும் கீழே. தோட்டமும் விவசாயமும் கடைசிப் படி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம் வேறு அளவுகோலும் வைத்திருக்கிறது. ஒரு துறையில் வேலை செய்பவர்களில் 33 விழுக்காட்டுக்கு மேல் உயர்கல்வி முடித்தவர்களாக இருந்தால் அது அறிவுச் செறிவுள்ள துறை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கியும் காப்பீடும் ஐரோப்பியப் பட்டியலில் அறிவுச் செறிவுள்ள சேவை. ஓ.இ.சி.டி.யின் ஆராய்ச்சிப் படிக்கட்டில் அதே வங்கி தோட்டத்தோடு சேர்ந்து கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறது. அளவுகோலை மாற்றினால் தொழிலின் இடம் மாறுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணக்கெடுக்க ஏதாவது ஒரு கோடு வேண்டும். ஆனால் கணக்குக்காகப் போட்ட கோட்டை மனிதர்களின் மேல் போட்டு, 'நீ மூளை, நீ உடம்பு' என்று பிரிக்கக் கூடாது.

சரி, தோட்டம் ஏன் கடைசிப் படிக்குப் போனது? தோட்ட முதலாளிகள் ஆராய்ச்சிக்குச் செலவிடும் பங்கு குறைவு, அதனால். அப்படியென்றால் ரப்பரில் ஆராய்ச்சியே நடக்கவில்லையா? 1925இலேயே இந்த நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிவிட்டது. தேர்ந்தெடுக்காத விதையில் முளைத்த பழைய மரங்கள் ஹெக்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கிலோதான் கொடுத்தன. அந்தக் கழகம் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கி, ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் அதைப்போல் மூன்று மடங்கு கொடுத்தது. அம்மா பால் வெட்டிய மர வரிசையான நிரையில் நின்றதும் அந்த ரகம்தான். அந்த மரத்துக்குள் பல வருட ஆராய்ச்சி இருந்தது. ஆனால் ஆராய்ச்சி நடந்தது கழகத்தில், மரம் நின்றது தோட்டத்தில். கணக்கெடுக்கும்போது ஆராய்ச்சிச் செலவு ஒரு துறையில் விழுகிறது, ரப்பர்ப் பால் வேறொரு துறையில் விழுகிறது. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏற்றுமதியான ரப்பரின் எடைக்கு இவ்வளவு என்று பிடித்த தீர்வையிலிருந்து. நம் பாட்டிமார் விடியற்காலையில் வெட்டிய பாலிலிருந்துதான்.

செம்பனையில் இதைவிடத் தெளிவான கதை இருக்கிறது. நம் நாட்டுச் செம்பனையில் அந்தக் காலத்தில் காய் சரியாகப் பிடிக்காது. தொழிலாளர்கள் மகரந்தத் தூளை டால்க் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊதினார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அதன் பிறகு மகரந்தம் ஊத ஆள் தேவைப்படவில்லை, காயும் நன்றாகப் பிடித்தது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனில் அந்த வண்டைப் படித்து, அது வேறு பயிரைக் கெடுக்காது என்று சோதித்த பிறகே அது இங்கு வந்தது. இன்றைக்குத் தோட்டத்தில் பறந்து திரியும் அந்த வண்டு ஓர் ஆராய்ச்சியின் விளைவு. அதை எந்தப் படியில் வைப்பது? 2013இல் செம்பனையின் மரபணுத் தொகுதியை வாசித்து நேச்சர் இதழில் வெளியிட்டதும் நம் நாட்டுச் செம்பனை வாரியத்தின் தலைமையிலான குழுதான். பிள்ளைகளுக்கு முன்னால் 'பழைய தொழில்' என்று போட்ட குலைக்குள் இவ்வளவும் இருக்கிறது.

அப்புறம், அம்மாவின் கை. பால் மரத்தின் பட்டைக்குள் பால் குழாய்கள் உள்பக்கமாகத்தான் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் கூடிவிட்டால் மரத்தில் காயம் விழும், திரும்ப வளரும் பட்டை மேடு பள்ளமாகிவிடும், பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம். வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும், ஏனென்றால் பால் குழாய்கள் மரத்தில் நேராக ஓடாமல் அதற்கு எதிர்ச்சாய்வில் ஓடுகின்றன. ஒரு மரத்தில் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண் பட்டைதான் செலவாக வேண்டும். இதையெல்லாம் தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில வினாடி என்ற கணக்கில், நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தார். வெயில் ஏறிவிட்டால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் அதை 'மரம் தூங்கப் போயிரும்' என்பார்.

ஒன்று மட்டும் அம்மாவின் கையில் இல்லை. கூலி பாலின் அளவுக்கு இல்லை, பாலுக்குள் இருக்கும் காய்ந்த ரப்பரின் எடைக்கு. அதைக் கண்டுபிடிக்க தோட்டத்துக் கணக்கரான கிராணி பாலுக்குள் ஒரு மிதவைக் கோலை இறக்கி, அதில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதுவார். கோலைப் படிக்கும் உரிமை கிராணிக்கு மட்டும்தான். "நேற்றுப் பாலை விட இன்னிக்குக் கெட்டியா இருந்துச்சு, எண்ணு குறைச்சலா எழுதியிருக்காரு" என்று அம்மா வீட்டுக்கு வந்து சொன்ன நாள்கள் உண்டு. அம்மாவுக்குப் பாலைப் பார்த்தாலே தெரியும், ஆனால் அந்தத் தெரிதலுக்கு எந்தப் புத்தகத்திலும் இடம் கிடையாது. தோட்டத்தில் அறிவு இல்லாமல் போகவில்லை. யாருடைய அறிவைப் பதிவு செய்வது, யாருடைய அறிவுக்குக் கூலி கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. இந்தக் கேள்வியை அந்தப் படம் கேட்கவே இல்லை.

இப்போது வலது பக்கத்துக்கு வருகிறேன். நான் முதலில் சேர்ந்த தொழிற்சாலையில் ஆறு வருடம் ஆபரேட்டர். வேஃபர் என்கிற, சில்லு செய்யும் வட்டத் தகடுகள் உள்ள பெட்டியின் பட்டைக்குறியை ஸ்கேன் பண்ணுவேன், பெட்டியை இயந்திரத்தில் வைப்பேன், திரை சொல்வதை அழுத்துவேன். இயந்திரம் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பயிற்சி நிரந்தர ஊழியர்களுக்குத்தான், ஏஜென்ட் மூலம் வந்த எங்களுக்கு இல்லை. கேட்டதற்கு "உன் வேலைக்கு அது தேவையில்லை" என்றார்கள். ஓ.இ.சி.டி. படிக்கட்டில் நான் அப்போது மேல் படியில் இருந்தேன். உண்மையில் என் வாழ்க்கையிலேயே குறைவாக மூளையைப் பயன்படுத்திய ஆறு வருடம் அது.

வேறு இடத்துக்கு மாறி டெக்னீசியன் ஆன பிறகுதான் நிலைமை மாறியது. வாக்குவம் பம்ப்பின் சத்தம் கொஞ்சம் மாறினாலே எந்தப் பாகம் தேய்கிறது என்று ஊகிக்கப் பழகினேன். ஒரு கோளாறு வந்தால் இயந்திரத்தை நிறுத்தலாமா, ஓடவிடலாமா என்று முடிவு எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு வேலையும் ஒரே மாதிரி வாசல், ஒரே மாதிரி வெள்ளை உடுப்பு, புள்ளிவிவரத்தில் ஒரே குறியீடு. நம் நாட்டுத் தொழில் வகைப்பாட்டில் மின்னணுத் துறை 26ஆம் பிரிவு. சில்லு வடிவமைக்கும் பொறியாளரும் பெட்டியைத் தூக்கிவைக்கும் ஆளும் அதற்குள்தான்.

இன்னொரு வகைப்பாடும் இருக்கிறது, அதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்க வேண்டும். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் நிறுவனத்தைப் பார்க்காமல் ஆள் பார்க்கும் வேலையைப் பார்த்துப் பிரிக்கிறது. நான்கு திறன் நிலைகள். டெக்னீசியன் 3ஆம் நிலை, பொறியாளர் 4ஆம் நிலை. இயந்திரம் இயக்கும் ஆபரேட்டர் 2ஆம் நிலை. பால்மரம் வெட்டுகிறவர் திறன்மிகு விவசாயத் தொழிலாளர் என்ற பிரிவில் வருகிறார். அதுவும் 2ஆம் நிலை. அதாவது, படத்தில் இருந்த வெள்ளை உடுப்புப் பெண் ஆபரேட்டர் என்றால் அவரும் என் அம்மாவும் ஒரே படி.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளைத் தோட்டத்துக்கே திரும்பிப் போகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். தோட்டக் கூலி எங்களை எப்படி வைத்திருந்தது என்பது எனக்குத் தெரியும். அம்மாவே என்னை அந்தப் பக்கம் வரவிடவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியே வந்தபோது கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல்தான் வந்தார். 31 வருட வேலைக்கு அத்தாட்சியாக ஒரு தாள்கூட இல்லை. ஹைடெக் பூங்காவுக்குப் போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் கம்பெனியின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே நான் என்ன செய்வேன், எதை நானே முடிவு செய்வேன், யார் எனக்குச் சொல்லித் தருவார்கள், ஐந்து வருடம் கழித்து வெளியே வந்தால் என் கையோடு என்ன வரும் என்று கேளுங்கள். இன்டர்வியூவில் வாய்விட்டே கேளுங்கள், தப்பில்லை.

1962இல் ஃபிரிட்ஸ் மாக்லப் என்ற பொருளியலாளர்தான் அறிவைத் தொழிலாக எண்ணி முதன்முதலில் பெரிய அளவில் கணக்குப் போட்டவர். அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டு உற்பத்தியில் சுமார் 29 விழுக்காடு அறிவு உற்பத்தி என்றார். அவர் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வீட்டில் தாய்மார் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையும் அறிவு உற்பத்தியில் சேர்த்து, அதற்கும் ஒரு மதிப்புப் போட்டார். பின்னால் வந்த பட்டியல்களில் அந்தத் தாய்மார் காணாமல் போய்விட்டார்கள்.

கூட்டம் ஏற்பாடு செய்த அண்ணன்மாருக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: அடுத்த முறை அந்தப் படத்தை மாற்றுங்கள். ஒரு பக்கம் வேலையின் பெயர், மறுபக்கம் அந்த வேலையில் ஒருவர் என்ன கற்றுக்கொள்கிறார் என்று போடுங்கள். நான் வந்து உதவுகிறேன்.

நம் ஊரில் பத்து, பதினைந்து வருடம் இயந்திரத்தோடு பழகியும் சான்றிதழ் இல்லாமல் இருக்கும் அண்ணன்கள், அக்காமார்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு செய்தி. வேலை அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டி, வகுப்புக்குப் போகாமலே மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. மலாயில் பி.பி.டி. என்று கேட்டால் திறன் மேம்பாட்டுத் துறையில் சொல்வார்கள். செய்த வேலையின் படங்கள், பணிக் குறிப்புகள், மேலாளர் கையொப்பம் எல்லாம் சேர்த்து ஒரு கோப்புத் தயாரிக்க வேண்டும். போன வருடம் நான் என் கோப்பைத் தயாரித்தேன். சிரமம்தான், ஆனால் செய்யக்கூடியது. யாருக்காவது உதவி வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.