ரெண்டாவது தடவையும் அதே டேப்பா?

அடுப்புல வரமிளகா வறுக்கும்போது நெடி ஏறி தும்மல் வரும்ல, அந்த ரெண்டு செகண்டுல அடுப்பை அணைக்கிறதா காலை இறுக்கிச் சேர்த்து வச்சுக்கிறதான்னு யோசிக்கிற ஆள் நான். இந்த யூரின் கசிவைப் பத்தியெல்லாம் எழுதலாமான்னு ஒரு வாரம் தயங்கினேன். போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல என் நாத்தனாரும் இதே கதைதான்னு தெரிஞ்சதும் சரி எழுதிடுவோம்னு தோணிடுச்சு. எத்தனை பொங்கலுக்கு ஒரே வீட்ல, ஒரே பாத்ரூம் வாசல்ல மாத்தி மாத்தி நின்னிருக்கோம், ஒரு வார்த்தை பேசிக்கல பாருங்க.

எனக்கு ரெண்டும் சுகப்பிரசவம். இருமினா, சிரிச்சா, தண்ணி கேன் தூக்கினா யூரின் கசியும். 2014ல டேப் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், யூரின் குழாய்க்கு அடியில தாங்கலா ஒரு செயற்கை வலை நாடா வைக்கிறது, அதுல தொடை இடுக்கு வழியா போடுற டிஓடி வகை. அஞ்சு வருஷம் நிம்மதியா இருந்தேன், கிளாஸ்ல பசங்க ஜோக் அடிச்சா பயமில்லாம சிரிச்சேன். அப்புறம் மெதுவா திரும்ப ஆரம்பிச்சுது. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டிட்டு "இன்னொரு டேப் போட்டுடலாம்மா, சின்ன ஆபரேஷன்தான்"னு சொல்லிட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுட்டாங்க.

எனக்குக் கோவமே இங்கதான். ஏன் திரும்பக் கசியுதுன்னு கேக்கவே இல்லையே? டேப் லூஸாயிடுச்சா, இடம் நகந்துடுச்சா, அரிச்சுக்கிட்டு பிளாடருக்குள்ள எட்டிப் பாக்குதா, இல்ல இது திடீர்னு முட்டிக்கிட்டு வந்து பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுற அந்த வேற வகையா? அந்த வகைக்கு மாத்திரை இருக்கு, பிளாடரைப் பழக்குற பயிற்சி இருக்கு, இன்னொரு டேப் போட்டா அது சரியாகாது, சில பேருக்கு இன்னும் மோசமாகும்.

வேற ஊர்ல ஒரு டாக்டரம்மாதான் யூரோடைனமிக்ஸ்னு பிளாடர் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க. மெல்லிசா ஒரு டியூப் போட்டு பிளாடர்ல தண்ணி நிரப்பி இருமுங்கம்மா இருமுங்கம்மான்னு சொல்வாங்க, இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாம மறைச்சதை நர்ஸ் முன்னாடி வேணும்னே கசிய விடணும், நான் அழுதுட்டேன், அந்த நர்ஸ் டிஷ்யூ குடுத்துட்டு "காலைல இருந்து நீங்க நாலாவது ஆள்க்கா"ன்னாங்க.

ஸ்ட்ரெஸ் கசிவுதான்னு உறுதியாச்சு, மனசு டென்ஷன் இல்ல, இருமல், தும்மல்ல வயித்துல அழுத்தம் விழும்போது கசியுறது. அப்புறம்தான் எது எப்படின்னு உக்காந்து படிச்சேன். ஆஸ்திரேலியாவுல ஆயிரம் பேருக்கு மேல வச்சு 2010ல ஒரு ஆய்வு வந்திருக்கு. முதல் தடவை டேப் போட்டவங்கள்ல 86 சதவீதம் பேருக்கு கசிவு நின்னிருக்கு, ரெண்டாவது தடவை போட்டவங்கள்ல 62தான். அந்த ரெண்டாவதுலயும் அடிவயித்து எலும்புக்குப் பின்னால ஏத்துற வகைன்னா 71, தொடை வழியா போடுற வகைன்னா 48. ரெண்டாவதா போடுறது எந்த வகைங்கறதே அந்த முதல் டாக்டருக்கு முக்கியமாப் படல!

இன்னொரு வழி நம்ம உடம்புல இருந்தே எடுக்குறது. சிசேரியன் மாதிரி கீறி, வயித்துத் தசை மேல இருக்குற வெள்ளை உறையில ஒரு பட்டை வெட்டி யூரின் குழாய்க்கு அடியில தொட்டில் மாதிரி கட்டுவாங்க. பர்ச்னு பழைய ஆபரேஷன் ஒண்ணும் இருக்கு, தையல் போட்டு மேல தூக்கி நிறுத்துறது. அமெரிக்காவுல 655 பேரை வச்சு இது ரெண்டையும் மோதவிட்டு 2007ல போட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்ட்ரெஸ் கசிவு இல்லாதவங்க பட்டையில 66 சதவீதம், பர்ச்ல 49. ஆனா பட்டை போட்டவங்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷனும் யூரின் போக முடியாம திணறுறதும் அதிகம், சில பேர் கொஞ்ச நாள் தானே டியூப் விட்டு எடுக்க வேண்டி வரும். ஊசி வழியா ஜெல் வச்சு குழாயைக் குறுக்குறதும் இருக்கு, மரத்துப்போக ஊசி போட்டு அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம், ஆனா பலன் கம்மி, திரும்பப் போட வேண்டி வரலாம்.

டேப்பையே தடை பண்ணிட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துது. இங்கிலாந்துல 2018 ஜூலைல நிறுத்தி வச்சது உண்மை, வலியோட அலைஞ்ச பொம்பளைங்க வருஷக்கணக்கா கத்தினதால நடந்தது அது. அமெரிக்காவுல 2019ல விக்கக் கூடாதுன்னது கர்ப்பப்பை, பிளாடர் இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியா வைக்கிற வலையை, கசிவுக்குப் போடுற டேப்பை இல்ல. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பயிற்சி? யூரினை அடக்குற அடித்தசையை இறுக்கிப் பழக்குற கீகல் பயிற்சிதான், நானும் "கீகல்தானே பண்றேன்"னு சொன்னவதான். பிசியோ பார்த்துட்டு நீங்க இறுக்கல, முக்குறீங்கன்னாங்க! சபையில காத்தை அடக்குவோமே, அப்படி உள்ள இழுக்கணுமாம். ஒரு தடவைக்கு எட்டு, நாளைக்கு மூணு வேளை, குறைஞ்சது மூணு மாசம், தும்மல் வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடியும் அதே இறுக்கு. நாலு மாசத்துல நாளைக்கு மூணு பேடு ஒண்ணாச்சு. முழுசா நிக்கல. நெதர்லாந்துல ஆபரேஷனே பண்ணாத 460 பேரை வச்சு 2013ல வந்த ஆய்வுல, பிசியோல ஆரம்பிச்சவங்கள்ல பாதிப் பேர் ஒரு வருஷத்துல டேப்புக்கு மாறியிருக்காங்க, அதனால பயிற்சி மட்டும் போதும்னு அடிச்சுப் பேசுறவங்களையும் நான் நம்பல.

மே லீவுல பட்டை ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். வெயிட் தூக்க முடியாது, தழும்பு வரும், தெரிஞ்சேதான். நாத்தனாருக்கு சுகர், பெரிய ஆபரேஷன் வேணாம்னு ஜெல் ஊசிக்குப் பேரு குடுத்திருக்காங்க, அது அவங்க கணக்கு.

மாமியார்கிட்ட ரெண்டு பேருமே இன்னும் சொல்லல. நேத்து அவங்க மிளகா வறுத்தாங்க, தும்மல் வர்றதுக்கு முன்னாடி கரண்டியை வச்சுட்டு மேடையைப் பிடிச்சுக்கிட்டு காலைப் பின்னி நின்னாங்க.