வெஞ்சனமும் வெஞ்சினமும்

போன வருஷம் ஒரு இணைய இதழில் என் சிறுகதை வந்தது. விருதுநகர்ப் பக்கம் ஒரு வீடு, மழை நாள், ராத்திரிச் சாப்பாடு. "அம்மா சோற்றைப் போட்டு வெஞ்சனத்தை ஓரமாக வைத்தாள்" என்று எழுதியிருந்தேன். எங்கள் பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற பொரியல், கூட்டு, துவையல் எல்லாமே வெஞ்சனம்தான். வெளியான கதையில் "வெஞ்சினத்தை ஓரமாக வைத்தாள்" என்று இருந்தது. வெஞ்சினம் என்றால் கடுங்கோபம். போனில் தட்டும்போது விசைப்பலகை தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டிருக்கிறது. நான் கவனிக்கவில்லை, இதழில் இருந்தவர்களும் கவனிக்கவில்லை. அந்த வரியை அழகான படிமம் என்று பாராட்டி இரண்டு பேர் எழுதினார்கள். ஊரில் தம்பி மகள் கதையை அம்மாவுக்கு வாசித்துக்காட்டி, அந்தச் சொல்லுக்கு அர்த்தமும் சொல்லியிருக்கிறாள். அம்மா போன் பண்ணி, "ஏத்தா, நான் என்னைக்கு ஒனக்குக் கோவமா சோறு போட்டேன்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி இன்னும் உள்ளே கிடந்து உறுத்துகிறது. எழுத்தை நம்பிப் பிழைக்கிற எல்லோரும் பேசவேண்டிய விஷயம் இதில் இருக்கிறது என்று நினைப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1997இல் சென்னையில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். அப்போது ஒரு கதை அச்சுக்குப் போகிற வழி இதுதான். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி கணினியில் டிடிபி அடிக்கிறவரிடம் போகும், அவர் அடித்து லேசர் பிரிண்ட் எடுத்துத் தருவார், அது பிழை திருத்துகிற புரூஃப் மேசைக்கு வரும். அங்கே இரண்டு பேர். ஒருவர் கையில் மூலப்பிரதி, அவருக்குக் காப்பி ஹோல்டர் என்று பேர். அவர் கமா, புள்ளி, புதுப் பத்தி என்று நிறுத்தக்குறிகளையும் சேர்த்துச் சத்தமாக வாசிப்பார், எதிரில் இருப்பவர் பேனாவோடு பார்த்துக்கொண்டே வருவார். அப்புறம் இரண்டாவது புரூஃப், அப்புறம் பக்கமாகக் கட்டிய பிறகு ஒரு முறை, கடைசியில் ஆசிரியர். ஒரு வரி வாசகரிடம் போவதற்குள் நாலைந்து பேர் கண்ணில் பட்டிருக்கும். எங்கள் மேசையில் இருந்தவர் புலவர் பட்டம் வாங்கியவர், நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். "வேலை தேடினான்" என்று எழுதவேண்டிய இடத்தில் நான் "வேலைத் தேடினான்" என்று எழுதியபோது, ஒற்று வந்தால் முருகன் கையில் இருக்கிற வேலைத் தேடினான் என்று ஆகிவிடும்மா என்று சொல்லித் திருத்தினார். இன்றுவரை எனக்கு அது மறக்கவில்லை. வட்டாரச் சொல் வந்தால் மட்டும் அவர் கை வைக்கமாட்டார். எழுதியவருக்குப் போன் போட்டு, உங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். அவரிடம் வெஞ்சனம் போயிருந்தால் வெஞ்சனமாகவேதான் திரும்பி வந்திருக்கும்.

இன்றைக்கு எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நடுவில் ஒரே ஒரு பொத்தான். அந்த மேசை இல்லை. அதில் இருந்தவர்கள் செய்த வேலை முழுக்க எழுதுகிறவர் தலையில் விழுந்திருக்கிறது, அதுவும் கூலி இல்லாமல்.

பழைய காலத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுயவிலாசமிட்ட உறையில் தபால்தலை ஒட்டிக் கதையோடு சேர்த்து அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும், அந்த உறையை வாங்கக்கூட வீட்டில் கணக்குச் சொல்லவேண்டியிருந்த பெண்களையும் தெரியும். இன்று அப்படிப்பட்ட பெண்கள் பிள்ளைகள் தூங்கிய பிறகு போனிலேயே நூறு அத்தியாயம் தொடர்கதை எழுதுகிறார்கள், அதற்கு வாசகர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் வருமானமும் வருகிறது. 2016 கடைசியில் அமேசானின் கிண்டில் மின்னூல் கடையில் தமிழ்ப் புத்தகம் விற்க வழி வந்தபோது, பதிப்பகத்தின் படியேறாமலே புத்தகம் போடமுடிந்தது. இந்த வாசலை யார் மூட வந்தாலும் நான் குறுக்கே நிற்பேன்.

ஆனால் போன் நம் வாக்கியத்தை என்ன செய்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். விசைப்பலகைக்கு மேலே சொற்களைக் காட்டுகிற பரிந்துரைப் பட்டையில் ஒரு சொல்லைத் தொட்டால் அதுவே பக்கத்தில் ஒரு இடைவெளியையும் போட்டுவிடுகிறது. அதனால் சேர்ந்து நிற்கவேண்டிய சொற்கள் பிரிந்து நிற்கின்றன. "கைவிட்டான்" என்றால் ஒருத்தியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனான், "கை விட்டான்" என்றால் பானைக்குள்ளோ பைக்குள்ளோ கையை விட்டான். மின்னூலாக வந்த ஒரு நாவலில் இந்த இடைவெளி கதையின் முக்கியமான இடத்திலேயே விழுந்திருந்தது, நான் அந்த வரியை மூன்று முறை வாசித்த பிறகுதான் புரிந்தது.

இன்னொன்று, "எ" போடவேண்டிய இடத்தில் "௭" போடுவது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் இரண்டாவது தமிழ் எண் ஏழு. ௭ன்ன, ௭ப்படி என்று முகநூலில் தினமும் பார்க்கிறேன். "ஔ" போடவேண்டிய இடத்தில் "ஒ"வையும் "ள"வையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத பிழைதானே, விடுங்கள் என்கிறார்கள். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்து. நாளைக்கு யாராவது அந்தச் சொல்லைத் தேடினால் உங்கள் கதை கிடைக்காது. பார்வையற்ற வாசகர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்கிற மென்பொருள் அந்த இடத்தில் தடுமாறும். எனக்கு அப்படிக் கேட்டே வாசிக்கிற வாசகர் ஒருவர் இருக்கிறார், அவர் சொல்லித்தான் இதை நான் கவனிக்கவே ஆரம்பித்தேன்.

இதை எழுதும்போது தமிழ்99 பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்ததை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக 31 விசையில் தமிழ் முழுக்க அடங்கிவிடும். "தங்கம்" என்று அடிக்க த, ங, க, ம, கடைசியில் ஒரு புள்ளி, ஐந்தே தட்டு. ங-வுக்குப் பின்னால் க வந்தால் நடுவில் புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். ஆங்கில எழுத்தை ஒலிப்படி அடித்தால் அதே சொல்லுக்கு ஏழு தட்டு. தட்டு குறைவது பெரிய விஷயம் இல்லை. ழ, ள, ல மூன்றுக்கும் தனித்தனி விசை இருப்பதால் எந்த எழுத்து என்று விரல் போகும்போதே தீர்மானித்துவிடுகிறோம். ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு வருகிற நாலு பரிந்துரையில் முதலாவதைத் தொடுகிறபோது அந்தத் தீர்மானத்தை வேறு யாரோ எடுக்கிறார்கள். 2009இல் நான் இதற்கு மாறினேன், கை பழக ஒரு மாதம் ஆனது. கணினியில் இன்றும் அதுதான். அந்தக் கதையை மட்டும் பஸ்ஸில் போகும்போது போனில் அடித்தேன், அங்கேதான் அந்தச் சொல் போனது.

அச்சுப் புத்தகமாக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கே வேறு சிக்கல். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்று ஆணை போட்டுவிட்டது, ஆனால் பக்கம் கட்டுகிற பல இடங்களில் பழைய எழுத்துருக்கள்தான் ரொம்ப நாள் ஓடின, சில இடங்களில் இன்னும் ஓடுகின்றன. பக்கம் கட்டுகிற பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. நாம் யூனிகோடில் அனுப்புவதை எழுத்துரு மாற்றி என்ற மென்பொருளில் போட்டுப் பழைய எழுத்துருவுக்குக் கொண்டுபோவார்கள். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும், அதனால் நடுவில் ஒரு ஆங்கிலப் பெயர் வந்தால் அது அர்த்தமில்லாத தமிழாகிவிடும், மேற்கோள்குறி வேறு எழுத்தாகிவிடும். மாற்றிய பிறகு ஒருவர் முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து பார்த்தால்தான் இதெல்லாம் பிடிபடும். நீங்கள் கொடுத்த பிரதி சுத்தமாகத்தானே இருந்தது, எதற்கு இன்னொரு புரூஃப் என்று என்னிடமே ஒரு பதிப்பகத்தில் கேட்டார்கள். அந்தப் புத்தகத்தை இன்றுவரை நான் யாருக்கும் பரிசாகக் கொடுத்ததில்லை.

மென்பொருள் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். நீச்சல்காரன் என்ற புனைபெயர்கொண்டவர் உருவாக்கிய நாவி, வாணி என்ற பிழைதிருத்திகள் இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன், உங்களையும் பயன்படுத்தச் சொல்வேன். நாவி ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்டும், வாணி எழுத்துப்பிழையைக் காட்டும், தனி ஒருவர் முயற்சியில் தமிழுக்கு இவ்வளவு கிடைத்தது பெரிய காரியம். ஆனால் வெஞ்சினம் பிழையான சொல் இல்லையே. அதில் எழுத்துப்பிழையும் இல்லை, சந்திப்பிழையும் இல்லை. அந்த வீட்டில் அந்த ராத்திரி யாருக்கும் கோபம் இல்லை என்று தெரிந்த ஒருவர்தான் அதைப் பிடிக்கமுடியும். கதையை வாசிக்கிற ஒருவர்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கட்டுரை எழுதிய ஒரு இணையதளம் கட்டுரைக்கு 500 ரூபாய் கொடுத்தது. அந்த 500க்குள் தலைப்பு, படத்துக்குக் குறிப்பு, பிழை திருத்தம் எல்லாம் நானே. திருத்தம் பார்க்க ஆள் வையுங்கள் என்று கேட்டேன், இணையத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமே என்றார்கள். மாற்றலாம்தான். ஆனால் ஒரு பதிவு வந்த புதிதில்தான் அதிகம் வாசிக்கப்படுகிறது, அதற்குள் யாரோ நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள், அங்கே போனதை யார் திருத்துவது? என் கதையில் வெஞ்சினத்தை மறுநாளே சரிசெய்துவிட்டேன். ஊரில் சித்தி வீட்டுக் குழுவுக்கு வந்து சேர்ந்தது பழைய நகல்தான்.

இப்போது நானும் இன்னும் இரண்டு எழுத்தாளர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் கூடுகிறோம். ஒருவர் தன் பிரதியைச் சத்தமாக வாசிப்பார், மற்ற இருவரும் அதே பிரதியைக் கணினியில் திறந்துவைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம். கமா, புள்ளி, புதுப் பத்தி எல்லாம் சொல்லித்தான் வாசிப்போம். ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் போகும். தன் வாக்கியத்தைத் தன் வாயால் வாசிக்கும்போது எங்கே மூச்சு முட்டுகிறது என்று எழுதினவருக்கே தெரிந்துவிடுகிறது. இப்படி மூன்று பேர் சேர முடிந்தால் நீங்களும் செய்யுங்கள்.

பதிப்பாளர்களிடம் எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. புத்தகத்தின் பதிப்புப் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர் பேர் வருகிறது, பக்கம் வடிவமைத்தவர் பேர் வருகிறது, அச்சகத்தின் பேர் வருகிறது. மெய்ப்பு, அதாவது புரூஃப் பார்த்தவர் பேரையும் போடுங்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுங்கள். தமிழ் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற எத்தனையோ பேருக்கு இது ஒரு தொழிலாக நிற்கும். என் அடுத்த தொகுப்பு தையில் வருகிறது. மெய்ப்புப் பார்த்த தங்கை தமிழ் எம்.ஏ. முடித்தவர், அருப்புக்கோட்டைக்காரர். எட்டு இடத்தில், அக்கா, இது எங்க பக்கம் இப்படி இல்லையே என்று குறிப்பு எழுதிக் கேட்டிருந்தார். அதில் ஆறு இடத்தில் அவர் சொன்னதே சரி. அவர் பேர் நாலாம் பக்கத்தில் இருக்கும்.