ஆம்டால் விதி சொல்வது அதுவல்ல

"ஆம்டால் விதி தெரியாதவன்தான் ஆயிரம் கோர் கேட்பான், எதுவும் 20 மடங்குக்கு மேல் வேகமாகாது" என்று, ஆயிரம் கோர் (செயலிக்குள் கணக்கிடும் அலகு) பற்றிக் கேட்டவருக்கு மேலே பதில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நிரலில் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக மட்டுமே ஓடக்கூடிய பகுதி, எத்தனை கோர் சேர்த்தாலும் வேகத்துக்கு வரம்பு வைக்கும் என்பதே அந்த விதி. நிரலில் 5 சதவீதம் வரிசையாக மட்டுமே ஓடும் என்றால்தான் வரம்பு 20. 1 சதவீதம் என்றால் 100. அதுவும் கணக்கின் அளவு மாறாமல் இருக்கும்வரை.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் வைத்த வாதம் அது. ஆனால் கோர்கள் கூடும்போது நாம் பெரும்பாலும் கணக்கையும் பெரிதாக்குகிறோம், வானிலையைக் கணிக்கும் மாதிரியில் நிலப்பரப்பைப் பிரிக்கும் கட்டங்களைப் பொடியாக்குவதுபோல. இணையாக ஓடும் பகுதி வளரும், வரிசைப் பகுதி அவ்வளவு வளராது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 1024 செயலிகளில் இப்படி 1000 மடங்குக்கு மேல் வேகம் கிடைத்ததை அங்கே பணியாற்றிய ஜான் கஸ்டாஃப்சன் 1988இல் எழுதினார். கணக்கைப் பெரிதாக்காமலேயே அங்கே 500 மடங்கைத் தாண்டினார்கள்.

எல்லா நிரலுக்கும் இது வாய்க்காது. பல இடங்களில் நினைவகமே முட்டுக்கட்டை. ஆனால் கேள்வி கேட்டவர் தன் நிரலை அளந்த எண்களோடு வந்தார். அவரை ஒருமையில் ஏளனம் செய்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எண்களை அவர் நீக்கிவிட்டார்.

கேட்டவருக்கு: தயவுசெய்து அவற்றை மறுபடி போடுங்கள். வரிசைப் பகுதி எவ்வளவு என்று சேர்ந்து பார்ப்போம்.